குழந்தை குடியிராத குரல்

நரையை மை மறைக்கும். முகத்தின் வாட்டத்தைப் புன்னகை மறைக்கும். ஏழ்மையைக்கூட நல்லதோர் ஆடை ஒரு பொழுதுக்கு மறைத்துவிடும். குரலை மறைக்க மட்டும் மனிதன் இன்னும் வழி காணவில்லை. எத்தனை முயன்று பேசினாலும், எங்கோ ஒரு சொல்லின் இறுதியில், ஒரு மூச்சின் இடைவெளியில், அவன் கடந்துவந்த பாதை தெரிந்துவிடுகிறது.

இதை நான் நூல்களில் படித்து அறிந்ததைவிட என் பணியில் இருந்து அறிந்ததே மிகுதி. குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட நாள் தொட்டு, மரத்தடுப்பின் சிறு துளைகளுக்கு அப்பாலிருந்து வரும் குரல்களைக் கேட்டு வருகிறேன். அங்கே முகம் இல்லை, ஊர் இல்லை, பெயர் இல்லை. குரல் மட்டுமே உண்டு. அங்குக் கேட்டவை அங்கேயே இறைவனிடம் தங்கிவிடுகின்றன. கேட்கும் பழக்கம் மட்டும் என்னுடன் எழுந்து வெளியே வந்துவிடுகிறது.

அப்பழக்கத்தினால்தானோ என்னவோ, திரைப்படம் பார்க்கும்போதும் எனக்குக் கண்ணைவிடக் காதே முந்துகிறது. அவ்வாறு என் நெஞ்சில் தங்கிவிட்ட சில குரல்களைப் பற்றியும், ஜவ்வாது மலையில் நான் அன்றாடம் கேட்கும் இளங்குரல்களை அவை எனக்கு விளக்கிய விதத்தைப் பற்றியும் இங்கே சொல்ல விழைகிறேன்.

2003ஆம் ஆண்டு, பாலாவின் இயக்கத்தில் 'பிதாமகன்' என்ற படம் வெளிவந்தது. சுடுகாட்டில் பிறந்து, பிறந்தபோதே தாயை இழந்து, அங்குள்ள வெட்டியானால் வளர்க்கப்படும் சித்தன் என்பவனே அதன் நாயகன். பிணங்களும் நெருப்பும் சாம்பலுமே அவன் அறிந்த உலகம். அப்பாத்திரத்தை ஏற்ற விக்ரம், அந்த ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். படம் முழுவதும் அவர் பேசும் பேச்சு மிகக் குறைவு. உறுமுகிறார், சீறுகிறார், ஓலமிடுகிறார். சுடலையில் கேட்டுப் பழகிய பாட்டைப் பாடுகிறார். ஆனால் ஒருவரை நோக்கித் திரும்பி, அவர் முகம் பார்த்து, ஒரு செய்தியைச் சொல்லிப் பதிலுக்குக் காத்திருப்பது என்பது மட்டும் அவனுக்கு வரவில்லை.

இந்த விக்ரம், முன்பு பிறருக்குக் குரல் கொடுத்து வாழ்ந்தவர் என்பதை வாசகர் பலர் அறிந்திருக்கலாம். தம் பெயர் நிலைபெறாத காலத்தில் அவர் டப்பிங் கலைஞராக உழைத்தார். 1993இல் வந்த 'அமராவதி'யில் அஜித் பேசுவது விக்ரமின் குரல். 1994இல் வந்த 'காதல'னில் பிரபுதேவா பேசுவதும் அவர் குரலே. டப்பிங் என்பது இருட்டறை வேலை. படப்பிடிப்பு முடிந்தபின், மைக்கின் முன் நின்று, திரையில் அசையும் இன்னொருவரின் உதட்டுக்குத் தன் மூச்சை அளந்து கொடுக்க வேண்டும். அந்த மனிதன் படியேறி வந்தவனா, அழுது முடித்தவனா, பொய் சொல்கிறவனா என்பதைத் தொண்டையாலேயே காட்ட வேண்டும். சுருதியை உயர்த்துவதா, தாழ்த்துவதா. மூச்சை எங்கே விடுவது. ஒலியை நெஞ்சிலிருந்து எழுப்புவதா, மூக்கிலிருந்தா. எங்கே பேசாமல் இருப்பது. குரல் நடிப்பின் தேர்வுகள் பெரும்பாலும் இவற்றுள் அடங்கிவிடும்.

சொற்களைச் சொல்லிப் பிழைத்த அக்கலைஞர், சொல்லே இல்லாத ஒருவனின் குரலைத் தேட நேர்ந்தபோது எதைத் தேர்ந்தார் என்பதே என் வியப்பு. சித்தனின் ஒலி அடித்தொண்டையில் பிறக்கிறது. நாவும் உதடும் அதற்கு உருவம் கொடுப்பதில்லை. வாக்கியத்துக்கு ஏற்ற இறக்கம் உண்டல்லவா, அது அங்கே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வொலி எவருடைய பதிலையும் எதிர்பார்ப்பதில்லை.

குழந்தை பேசக் கற்கும் முறையை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். முதற்சொல் பிறப்பதற்குப் பல திங்கள் முன்னரே குழந்தை உரையாடத் தொடங்கிவிடுகிறது. தாய் ஏதோ சொல்லிவிட்டு நிறுத்துகிறாள், குழந்தை 'ங்கா' என்கிறது, தாய் அதைப் பெரியதொரு பேச்சாக எடுத்துக்கொண்டு, "அப்படியா என் ராசா?" என்று மறுமொழி சொல்கிறாள். மீண்டும் நிறுத்துகிறாள். அந்த இடைவெளியில்தான் குழந்தை மனிதனாகிறது. தான் எழுப்பிய ஒலிக்கு ஒருவர் திரும்பிப் பார்ப்பார் என்ற நம்பிக்கையை அது சொல்லுக்கு முன்பே கற்றுக்கொள்கிறது. சித்தனுக்கு அந்த இடைவெளியை எவரும் கொடுக்கவில்லை. ஆகவே அவன் வளர்ந்த பின்னும், எவரும் திரும்பிப் பாராத ஒலியாகவே அவன் குரல் நிற்கிறது. அவனுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி அப்படம் மிகச் சிலவே காட்டுகிறது. காட்டாததையெல்லாம் அந்தக் குரல் சொல்லிவிடுகிறது.

சுடுகாட்டையும் குரலையும் எண்ணும்போது ஜெயகாந்தனின் 'நந்தவனத்தில் ஓர் ஆண்டி' என்ற சிறுகதையும் நினைவுக்கு வருகிறது. அதிலும் ஒரு வெட்டியான் உண்டு. பச்சிளங் குழந்தைகளின் உடலுக்குக் குழி தோண்டும்போதுகூட அவன் பழைய சித்தர் பாட்டொன்றை உற்சாகமாகப் பாடிக்கொண்டிருப்பான். பாட்டின் பொருள் அவனுக்குத் தெரியாது. சாவின் பொருளும் தெரியாது. அவனுடைய சொந்தக் குழந்தை இறந்த நாளில்தான் பாட்டின் பொருள் அவனுக்கு விளங்குகிறது. குரல் அதே குரல், பாட்டும் அதே பாட்டு. உள்ளே ஒரு குழந்தை இருந்து பிரிந்ததால் அனைத்தும் மாறிவிடுகின்றன.

இதற்கு நேர் எதிரான குரல் ஒன்று 1982இல் நம் காதுகளுக்குக் கிடைத்தது. பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை'யில், விபத்தினால் நினைவிழந்து, உடலால் குமரியாகவும் உள்ளத்தால் சிறுமியாகவும் ஆகிவிட்ட பெண்ணாக ஸ்ரீதேவி வருகிறார். அவளைக் காப்பாற்றித் தன் வீட்டில் வைத்துப் பேணும் பள்ளி ஆசிரியராகக் கமல்ஹாசன். அப்பெண்ணின் பேச்சைக் கூர்ந்து கேளுங்கள். வளர்ந்தவர் ஒருவர் குழந்தையைப் போலப் பேச வேண்டுமெனில், சுருதியை உயர்த்திக் கீச்சுக்குரலில் பேசுவதே எளிய வழி. சிறுவரின் குரல் நாண்கள் குறுகியும் மெலிந்தும் இருப்பதால் அவர்கள் குரல் உயர்ந்து ஒலிக்கிறது. அதை மட்டும் போலச் செய்தால் கேலிக்கூத்தாகிவிடும். குழந்தைக் குரலின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. கேட்டதையே திரும்பக் கேட்பது, அடம் பிடிப்பது, பாதியில் வேறொன்றுக்குத் தாவுவது, கேட்டது கிடைத்தே தீரும் என்று நம்புவது ஆகியவையே அதன் உயிர். அப்பாத்திரத்தின் குரலில் இவை அனைத்தும் உள்ளன. தன்னைச் சுமப்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று அறிந்த குரல் அது.

இறுதியில் அவள் நலம் பெறுகிறாள். இடைப்பட்ட காலத்தை மறந்துவிடுகிறாள். தொடர்வண்டி நிலையத்தில், அவளுக்கு நினைவூட்ட வேண்டிக் குரங்காட்டம் ஆடிக் கதறுகிறான் அந்த ஆசிரியன். அவளோ அவனை யாரோ ஒரு பித்தன் என்று கருதிப் போய்விடுகிறாள். அக்காட்சியை எண்ணுந்தோறும் எனக்குத் தோன்றுவது இதுதான்: அவளைவிட்டு நீங்கிய குழந்தை அவனுடைய குரலில் வந்து தங்கிவிட்டது. கேட்டதையே திரும்பக் கேட்பவன் இப்போது அவன். ஆனால் அவனைச் சுமப்பதற்குத்தான் எவரும் இல்லை.

இந்த நடிகையின் சொந்த வாழ்வும் நம் சிந்தனைக்கு உரியது. 1969இல் வந்த 'துணைவன்' படத்தில், மிகச் சிறிய வயதிலேயே குழந்தை முருகனாக அவர் நடிக்கத் தொடங்கினார். பிற பிள்ளைகள் தெருவில் விளையாடும் வயதை அவர் விளக்கொளியின் கீழே கழித்தார். பின்னர் அவர் இந்தித் திரையுலகுக்குச் சென்றபோது, அம்மொழி அவருக்குப் பழகாததால், வேறொருவர் அவருக்குக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. 1980களில் பல படங்களில் அவருக்குக் குரல் கொடுத்தவர் நாஸ். 1954இல் வந்த 'பூட் பாலிஷ்' என்ற இந்திப் படத்தில், பிச்சை எடுக்கப் பணிக்கப்பட்டு, காலணிக்கு மெருகிட்டுப் பிழைக்க முயலும் இரு அனாதைக் குழந்தைகளுள் ஒருத்தியாக நடித்துப் புகழ் பெற்ற அதே 'பேபி நாஸ்'. 1955இல் கேன் திரைப்பட விழா அச்சிறுமியைச் சிறப்பித்தது. 1989இல் 'சாந்தினி' படத்தில்தான் ஸ்ரீதேவி இந்தியில் தம் சொந்தக் குரலில் பேசினார். குழந்தைப் பருவத்தை ஒளிப்படக் கருவிக்குக் கொடுத்துவிட்ட ஒரு பெண்ணுக்கு, அதே போல் கொடுத்துவிட்ட இன்னொரு பெண் இருட்டறையில் நின்று குரல் கொடுத்தார் என்பதை எண்ணும்போது உள்ளம் கனக்கிறது. ரசிகர்களாகிய நாம் இதையெல்லாம் அறியாமல் கைதட்டினோம்.

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. 1828இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத் தெருவில், சரிவரப் பேசவும் தெரியாத ஓர் இளைஞன் வந்து நின்றான். சிறு வயது முதல் ஓர் இருட்டறையில் தனியே அடைக்கப்பட்டிருந்ததாகப் பின்னர்க் கூறிய காஸ்பர் ஹவுசர் அவன். 1974இல் வெர்னர் ஹெர்சாக் அவன் கதையைப் படமாக்கியபோது, பெயர் பெற்ற நடிகர் எவரையும் அவர் நாடவில்லை. சிறு வயது தொட்டு ஆண்டுக்கணக்கில் விடுதிகளிலும் மனநல இல்லங்களிலும் அடைபட்டு வளர்ந்த புருனோ எஸ். என்பவரை நாயகனாக்கினார். ஒவ்வொரு சொல்லையும் கல்லைப் புரட்டுவது போல் புரட்டி வைக்கும் அந்தக் குரலை எந்தப் பயிற்சியும் தந்துவிட முடியாது. அதற்கான விலையை அவர் தம் இளமையிலேயே செலுத்தியிருந்தார்.

இனி என் மலைக்கு வருகிறேன்.

ஜவ்வாது மலையின் காவலூரில் வானியல் ஆய்வகம் ஒன்று உள்ளது. அங்குள்ள 93 அங்குலத் தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. விண்மீனிலிருந்து இன்று நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி, என்றோ புறப்பட்ட ஒளி என்று அறிவியலார் விளக்குவர். பெரியவர்களின் குரலிலும் அவ்வாறே என்றோ புறப்பட்ட ஒலியொன்று வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது. இங்குள்ள சிறுவர்களின் நிலை வேறு. அவர்களுடைய குரலில் இன்னும் வாராத முதுமை முன்னதாகவே வந்து அமர்ந்திருக்கிறது.

சாமையும் தேனும் புளியும் பலாவும் விளையும் மலை இது. ஆயினும் விளைச்சல் ஆண்டு முழுவதற்கும் போதுவதில்லை. மலையாளி பழங்குடி மக்களில் பலர் கூலி வேலைக்காகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் குடும்பமாகப் போய்விடுகின்றனர். பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளிலோ பாட்டியிடமோ தங்குகின்றனர். சிலருடைய தந்தையர் திரும்புவதே இல்லை. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறி, தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர் 20 பேரைக் காவல் துறையின் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்றனர். இம்மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். செய்தித்தாள்கள் இறந்தவர்களை எண்ணின. அந்த வீடுகளில் அன்று எத்தனை பிள்ளைகளின் குரல் மாறிற்று என்பதை எண்ணியவர் எவருமிலர்.

பங்கில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுவோம். ஓர் ஆண்டு, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பாட்டி வேடம் கிடைத்தது. பெற்றோர் இருவரும் தோட்ட வேலைக்குப் போயிருந்தனர். தம்பி ஒருவனை அவளே பார்த்துக்கொண்டாள். மேடையில் அவள் பேசியதைக் கேட்டுக் கூட்டம் வியந்தது. வாக்கியத்தின் இறுதியில் ஒரு பெருமூச்சு. கட்டளையிடும்போதே கெஞ்சும் தொனி. "என்னத்தைச் செய்யறது" என்று தாழ்ந்து முடியும் குரல். எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்கு நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

மறு ஆண்டு, ஆட்டுக்குட்டியைத் தொலைத்துவிட்டு அழும் சின்னஞ்சிறு இடையன் வேடத்தை அருட்சகோதரி அவளுக்குக் கொடுத்தார். ஒத்திகையில் அவளால் அழ இயலவில்லை. எத்தனை முறை முயன்றாலும் பெரியவர்கள் துக்க வீட்டில் அழுவதைப் போலவே குரல் வந்தது. பிறகு என்னிடம் வந்து நின்று கேட்டாள்: "சாமி, சின்னப் பிள்ளைங்க எப்படி அழுவாங்க?"

அருட்சகோதரிதான் விடை சொன்னார்: "உன் தம்பி எப்படி அழுவான்? அது மாதிரி அழும்மா." உடனே அவளுக்கு வந்துவிட்டது. தேம்பல், இழுப்பு, நடுவில் மூச்சை உள்வாங்கும் விக்கல், எல்லாம் அச்சாக வந்தன. தம்பியைத் தேற்றித் தேற்றியே குழந்தையின் அழுகையை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். நாடகத்தன்று அனைவரும் கைதட்டினர். சொந்த அழுகை இல்லாததால் அச்சிறுமி இரவல் அழுகையில் அழுதாள் என்பது அருட்சகோதரிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

அன்று முதல் விடுதிப் பிள்ளைகளின் பேச்சில் ஒன்றை நான் உற்றுக் கேட்கத் தொடங்கினேன். அவர்கள் பதில் சொல்கிறார்கள், கேள்வி கேட்பதில்லை. "சாப்பிட்டாயா?" என்றால் "சாப்பிட்டேன் சாமி." "வீட்டு நினைவு வருகிறதா?" என்றால் "இல்லைங்க சாமி." எல்லா வாக்கியமும் தரையில் இறங்கி முடிகிறது. கேள்வியின்போது மேல்நோக்கி எழும் அந்தச் சிறு வளைவு, "ஏன்?", "எப்போ?", "எனக்கு?" என்று குழந்தைகள் நம்மைப் படுத்தும் அந்த வளைவு அவர்களிடம் காணப்படுவதில்லை. பாறை மேல் ஏறினால்தான் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும். ஞாயிறன்று பெற்றோர் அழைக்கும்போது, "தம்பியைப் பார்த்துக்கொள்", "நன்றாகப் படி" என்று அங்கிருந்து வரும். "சரிம்மா", "சரிப்பா" என்று இங்கிருந்து போகும். பெற்றோரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. கூலி நாளின் இறுதியில் அவர்களிடம் எஞ்சியிருக்கும் சொற்கள் அவ்வளவே.

இத்தகைய பிள்ளைகளை நாம் எவ்வாறு அழைக்கிறோம்? 'பொறுப்பான பிள்ளை', 'வயதுக்கு மீறிய அறிவு', 'அடக்கமான குழந்தை'. பரிசளிப்பு விழாவில் மேடையேற்றிப் பாராட்டுகிறோம். அந்த அடக்கத்துக்குள் அடங்கிப் போனது எது என்று கேட்பதில்லை.

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் பேச்சிழந்த சிறுவன் ஒருவனைத் தந்தை இயேசுவிடம் கொண்டுவருகிறார். சீடர்களால் அவனைக் குணமாக்க முடியவில்லை. சுற்றிலும் மறைநூல் அறிஞரின் வாதம். அத்தனை இரைச்சலுக்கு நடுவே ஆண்டவர் தந்தையிடம் கேட்டது, இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதே. தந்தையின் விடை: குழந்தைப் பருவம் முதல். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது, தீய ஆவியைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் பேராசிரியர் விரிவாக விளக்கினார். கேள்வியைப் பற்றிப் பேச்சு எழவில்லை. இப்போது எனக்கு அக்கேள்வியே பெரிதாகத் தெரிகிறது. வல்ல செயலுக்கு முன்பாக, அச்சிறுவன் இழந்த ஆண்டுகளை ஆண்டவர் நின்று விசாரித்தார். இழப்பை எண்ணாமல் குரலை மீட்க அவர் விரையவில்லை.

திருமுழுக்குச் சடங்கில், 'எப்பத்தா' என்ற அழகிய பகுதி ஒன்று உண்டு. குழந்தையின் காதையும் வாயையும் தொட்டு, அவை திறக்கப்பட வேண்டும் என்று குரு வேண்டுகிறார். முதலில் காது, அதன்பின் வாய். கேட்கப்படாத குழந்தை பேசாது என்பதைத் திருச்சபை அறிந்தே இவ்வரிசையை வைத்ததோ என்று எனக்குத் தோன்றும். குழந்தையின் காதைத் தொடும் விரல், சுற்றி நிற்கும் பெற்றோர், ஞானப்பெற்றோர் ஆகியோரின் காதையும் தொட்டால் நலமாக இருக்கும்.

சித்தனையும் அப்படம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. சிறையில் சக்தி என்ற நண்பன் அவனுக்குக் கிடைக்கிறான். வாயாடி, ஏமாற்றுக்காரன், ஆனால் சித்தனின் உறுமலைப் பேச்சாக எடுத்துக்கொண்டு மறுமொழி சொல்லும் ஒரே மனிதன். தாய் தராமல் போன இடைவெளியை அந்த நண்பன் தருகிறான். அவனை இழந்தபின் சித்தனிடமிருந்து எழும் ஓலம் முன்பு கேட்ட ஒலியன்று. அதில் இழப்பு இருக்கிறது. இழப்பை உணர்வதற்கு முதலில் உறவு வேண்டும் அல்லவா?

ஆகவே, அன்பு வாசகர்களே, இம்மலைப் பிள்ளைகளுக்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. சமவெளியிலும், தந்தை வளைகுடா நாட்டில், தாய் தோல் தொழிற்சாலையில் என்று பிரிந்து வாழும் வீடுகள் உண்டு. அங்கும் பத்து வயதில் நாற்பது வயதுக் குரலில் பேசும் பிள்ளைகள் இருப்பர். அவர்களைப் பாராட்டும் முன் சற்றே நின்று கேளுங்கள். அவர்கள் கேள்வி கேட்கிறார்களா? ஒன்றுமில்லாததற்கு அடம் பிடிக்கிறார்களா? தொலைபேசியில் நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தபின், அவர்கள் பேசுவதற்கென்று ஒரு நிமிடம் மௌனமாக இருக்கிறோமா?

எங்கள் விடுதியில் மாலை ஐந்து முதல் ஆறு வரை எவரும் எவரையும் "சத்தம் போடாதே" என்று சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறோம். முதல் வாரம் அந்த ஒரு மணி நேரமும் அமைதியாகவே கழிந்தது. கத்துவதற்கு அவர்களுக்குத் தெரியவில்லை. இப்போது ஜெபமாலை சொல்ல அமரும் பாட்டிமார் முறையிடுகின்றனர். ஞாயிறு திருப்பலியில் கைக்குழந்தை வீறிட்டால் திரும்பிப் பார்த்து முறைப்பவர்களும் இருக்கிறார்கள். மறையுரையின் நடுவே அந்த வீறல் எழும்போது நான் நிறுத்திக்கொள்கிறேன். தன் ஒலிக்கு ஒருவர் திரும்பிப் பார்ப்பார் என்று அக்குழந்தை இன்னும் நம்புகிறது. அந்த நம்பிக்கை பிழைத்திருக்கட்டும்; என் மறையுரை சற்றுக் காத்திருக்கலாம்.